சிவப்பு அம்பு

மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கதை வாசித்துப் பேசக் கூடுகிறவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கதை எழுதுவதொன்றும் கஷ்டமில்லை, அது கத்தரியின் காதில் விழுந்து தப்பிப் பிழைப்பதுதான் கஷ்டம் என்று. கத்தரி என்பது, எதையும் வெட்டித் தள்ளுகிறாள் என்று அவளுக்கு அவர்கள் வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, நேரில் 'அக்கா'தான். ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குறை கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலையே. காலணித் தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஒவ்வொரு ஜோடியும் பெட்டிக்குள் போவதற்கு முன் அவள் கையில் ஏறி இறங்கவேண்டும். தையல் விலகியிருந்தாலோ, பசை வழிந்திருந்தாலோ, இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் இம்மி மாறியிருந்தாலோ, நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவாள். அம்பு ஒட்டியது ரிப்பேர் அறைக்குப் போகும். தேறவே தேறாது என்றால் அதற்குத் தனிக் கூடை. கூடையில் விழுந்ததை மேலாளர் கத்தியால் குறுக்கே கீறிவிடுவார், யாரும் எடுத்துப் போய் விற்றுவிடக் கூடாதே என்று.

ரிப்பேர் அறையில் உட்கார்ந்திருந்தவர்தான் இன்றைக்கு அவள் வீட்டுக்காரர். அவள் விட்ட அம்பெல்லாம் அவர்மேல்தான் போய்த் தைக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கையில் ஒற்றை ஷூவோடு வந்து, "பூதக்கண்ணாடி வச்சுத் தேடிட்டேன், இதுல அம்பைத் தவிர வேற ஒண்ணும் தெரியல" என்று சண்டைக்கு நின்றார். அவள் இடத்தைக் காட்டினாள். அவர் பார்த்தார். ஷூவைப் பார்த்தாரா, அவளைப் பார்த்தாரா என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

இப்படிக் குறை பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருப்பாளா? அடுத்தவர் கதை காதில் விழுந்ததுமே விரல் தானாக அம்பைத் தேடும். "ஆரம்பம் ஆமை வேகம்." "அந்த மாமா எதுக்கு வந்தாரு, எதுக்குப் போனாரு?" "அழவேண்டிய இடத்துல எனக்குச் சிரிப்பு வந்துச்சு." சொன்னதில் முக்கால்வாசி சரியாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் கொடுமை. பஸ் டிரைவர் ஒருவர் மாதம் தவறாமல் கதை கொண்டுவருவார், மாதம் தவறாமல் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, "நான்தாங்க எழுதினது" என்பார். அந்தச் சிரிப்பு அவருக்கு எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபட்டதே இல்லை.

பிடிபடவேண்டிய அவசியம் அவளுக்கு இருந்தது. ஏனென்றால் அவளும் எழுதினாள்.

விடிவதற்கு முன், அடுப்பு பற்றவைக்கும் முன், சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள். எழுதி முடித்ததைத் தன் மேஜைக்கு வந்த ஜோடி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முதல் பத்தியிலேயே ஓர் அம்பு. இரண்டாவதில் இன்னொன்று. அப்புறம் கிழித்துவிடுவாள். கிழிகிற சத்தம் கேட்டுப் படுக்கையில் இருந்தபடியே கணவர், "முடிஞ்சுதா?" என்பார். "முடிஞ்சுது" என்பாள். வருஷக்கணக்காக நடக்கிற உரையாடல் இது.

ஒருநாள் அவர் எழுந்து வந்து குப்பைக்கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "செருப்புக்குப் பாஸ், ரிப்பேர், கூடைன்னு மூணு வழி வச்சிருக்க. உன் கதைக்கு மட்டும் ஏன் கூடை ஒண்ணுதான்?"

"செருப்பு வேற, இது வேற."

"என்ன வேற?"

அவள் அடுப்பு பற்றவைக்கப் போனாள். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. செருப்பை வேறு யாரோ தைத்தார்கள், இதை அவள் தைத்தாள், அதுதான் வித்தியாசம். இதைப் படித்துவிட்டு யாராவது 'இவ்வளவுதானா?' என்று கேட்டால் அவள் உயிர் போய்விடும். ஊரார் கதையையெல்லாம் நார் நாராகக் கிழித்தவள் சொந்தக் கதையில் தோற்றுப்போனால், அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறுவது? வாயும் போய் எழுத்தும் போய், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை.

அந்த வருஷம் ஒரு கதையை மட்டும் அவளால் கிழிக்க முடியவில்லை. அவளுடைய அம்மா அப்பாவின் கதை அது. அப்பாவுக்கு இடது காது கேட்காமல் போனது. அதுவரை எப்போதும் அவருக்கு இடது பக்கம் நடந்து பழகிய அம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வலது பக்கத்துக்கு மாறினாள். அப்பா போன பிறகும் தெருவில் தனியாக நடக்கும்போது இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நடந்தாள். கதையில் அம்மா அப்பா என்று எழுதவில்லை, அவன் அவள் என்றுதான் எழுதியிருந்தாள். கிழிக்கலாம் என்று தாளைக் கையில் எடுத்தால் அதில் அம்மா நடந்து போய்க்கொண்டிருந்தாள். கை வரவில்லை.

தொழிற்சாலைக்குப் போகிற வழியில் தட்டச்சு செய்து வாங்கி, கண்ணாடிக் கடையின் படிக்கட்டுத் திருப்பத்தில், கதை போடுவதற்கென்று இருக்கும் மரப்பெட்டிக்குள் போட்டாள். போட்ட கை வெளியே வருவதற்குள் திரும்ப எடுத்துவிடவேண்டும்போல இருந்தது.

நேரே கடைக்குள் போனாள். கடைக்காரர் யாருடைய மூக்கிலோ ஒரு ஃபிரேமை வைத்துக் காது வளைவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பெட்டியோட சாவியைக் கொஞ்சம் தர்றீங்களா?"

"எதுக்குங்க?"

"சும்மா... உள்ள என்ன இருக்குன்னு."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நல்லா இருக்கே கதை. முன்னாடியே படிச்சு வச்சுக்கிட்டுப் போட்டுத் தாக்கலாம்னு பாக்குறீங்களா? உள்ள போனது ஞாயித்துக்கிழமைதான் வெளிய வரும்."

அந்தக் கூட்டத்தின் வழக்கம் அப்படி. பெட்டியில் விழுகிற கதையில் பெயர் இருக்கக் கூடாது. கடைக்காரர் கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் கொடுப்பார். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவர் ஒருவர் உறுப்பினர், அவர்தான் வாசிப்பார். வாசித்ததும் எல்லோரும் பேசுவார்கள். எழுதியவரும் யாரோபோல உட்கார்ந்து கேட்கலாம், பேசலாம். கடைசியில் அத்தனை பேரும் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, சுவரில் மாட்டியிருக்கும் பார்வை சோதிக்கிற எழுத்துப் பலகையைப் பார்த்து உட்காரவேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. "எழுதினவங்க சொல்லணும்னு நினைச்சா சொல்லலாம்" என்பார் கடைக்காரர். நினைத்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் வாய் திறக்காமல் இருந்துவிடலாம். அதற்குப் பிறகு அது யார் கதை என்று துருவுவது அங்கே மரியாதை இல்லை. டிரைவர் மட்டும் யாரும் பார்க்காத அந்த நேரத்திலும் கையைத் தூக்கிக்கொண்டுதான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெட்டியில் நிறையக் கதைகள் இருக்கும், நம்முடையது வராது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு படி ஏறினாள். பெட்டியில் அன்றைக்கு இருந்ததே ஒரு கதைதான். டிரைவருக்கு அந்த மாதம் கூடுதல் ட்ரிப்பாம், எழுத நேரம் கிடைக்கவில்லையாம். எழுதாமல் இருக்க இந்த மனுஷனுக்கு வேறு மாதமே கிடைக்கவில்லையா என்று அவள் மனதுக்குள் அவரைத் திட்டினாள்.

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவர் குரலுக்கு ஒரு கோளாறு உண்டு. எதை வாசித்தாலும் ஒரு வண்டி வந்து சேருகிற மாதிரியே இருக்கும். "அவன்... இடப்பக்கம்... திரும்பினான்" என்று அவர் நிறுத்தியபோது பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கவேண்டும்போல இருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. தன் சொந்த வாக்கியங்கள் அடுத்தவர் வாயிலிருந்து வரிசையாக வருவதைக் கேட்டுக்கொண்டு, கால் கட்டைவிரலால் தரையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓரிடத்தில், கூட்டத்துக்கு வருகிற நர்ஸ் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷமாக இருக்கும்.

வாசித்து முடிந்தது. வழக்கம்போல எல்லோர் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

இதை அவள் யோசித்திருக்கவே இல்லை. கதை வந்தால் ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் கத்தரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய அறிவிப்பு வேறு வேண்டுமா? அறிவிப்பாளரே தேவையில்லை, எல்லோருக்கும் புரிந்துவிடும். பாராட்டினாலோ கேட்கவே வேண்டாம். ஆக, அவளுக்கு இருந்தது ஒரே வழி.

"சுமார்தான்" என்றாள்.

"என்னக்கா, ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்க? உடம்பு சரியில்லையா?" என்றார் டிரைவர்.

போச்சு, சந்தேகம் வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதுல என்ன சொல்ல இருக்கு? ஒரு பொம்பளை இந்தப் பக்கம் நடந்தா, அப்புறம் அந்தப் பக்கம் நடந்தா. இதுக்கு எதுக்கு இத்தனை பக்கம்? ஒவ்வொரு வாக்கியமும் கைக்குட்டையை நீட்டிக்கிட்டே நிக்குது, அழு அழுன்னு. எழுதினவங்களுக்குத் தைரியமே இல்ல. எங்கயும் யாரும் கோபப்படல, யாரும் தப்பு பண்ணல, ரெண்டு பேரும் பொம்மை மாதிரி நல்லவங்களா இருக்காங்க. கடைசிப் பத்தி, கேக்கவே வேண்டாம். நமக்குப் புரியாதுன்னு நினைச்சு விளக்கவுரை. இவ்வளவுதானான்னு இருந்துச்சு எனக்கு."

மூச்சு வாங்கியது. விடிகாலையில் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டவை அத்தனையும், ஒன்று பாக்கி இல்லாமல், இத்தனை பேர் நடுவில் வெளியே வந்து விழுந்திருந்தன. 'இவ்வளவுதானா'வும் உட்பட. கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாள். கூரை இருந்த இடத்தில் இருந்தது. மின்விசிறிகூட அதே கடகடப்போடு சுற்றிக்கொண்டிருந்தது.

நர்ஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒத்துக்கமாட்டேன் அக்கா. எங்க வார்டுல ஒரு பெரியவரோட சம்சாரம் தினம் வந்து நாற்காலியைத் தூக்கிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டுப்பாங்க. வழியில இருக்குன்னு நான் தினம் இந்தப் பக்கம் நகர்த்துவேன். ஒருநாள்கூட ஏன்னு கேக்கல. இப்ப வாசிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. நாளைக்குப் போனதும் அந்த நாற்காலியை நானே போட்டு வைக்கப்போறேன்."

ஜலதோஷம் இல்லை.

"கடைசிப் பத்தி வேண்டாம்கறது சரிதான்" என்றார் கடைக்காரர். "ஆனா நீங்க சொல்ற அளவுக்கு மோசமில்லைங்க. கொஞ்சம் ஓவராத்தான் போறீங்க இன்னிக்கு."

அவள் கதையை அவளிடமிருந்தே காப்பாற்றுகிறார்கள். சந்தோஷப்படுவதா, தான் சொன்னதை நிலைநாட்டுவதா என்று தெரியவில்லை. அப்போது டிரைவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு பேசினார்.

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆனா நடுவுல, அந்த ஆளு காதுல வைக்கிற மிஷின் வாங்கக் கடை கடையா ஏறி இறங்குறாரே, அங்க வண்டி சிக்னல்ல நின்ன மாதிரி நின்னுடுச்சு. உண்மையைச் சொன்னா லேசாக் கண் அசந்துட்டேன். அந்த ரெண்டு பக்கத்தை எடுத்துடலாம்."

தானே கதையைத் தலைகீழாகத் தொங்கவிட்டபோது சும்மா இருந்தவளுக்கு, இந்த ரெண்டு பக்கத்தைச் சொன்னதும் சுருக்கென்றது.

"அதெப்படி எடுக்க முடியும்?" என்றாள். "அது இல்லாம கதையே இல்லையே. அவ்வளவு அலைஞ்சு வாங்கின மிஷினை அன்னிக்கு சாயங்காலமே கழட்டி வீசி எறிஞ்சாரு. 'ஊர் சத்தமெல்லாம் கேக்குது, உன் குரல் மட்டும் தகரம் மாதிரி இருக்கு, வேண்டாம் போ'ன்னு கத்தினாரு. அம்மா சாப்பிடக்கூட இல்ல. மறுநாள் காலையிலதான் எதுவும் பேசாம வலது பக்கமா வந்து நின்னாங்க. அதுக்கப்புறம்தான்..."

நிறுத்தினாள்.

"கதையில அவர் எறியவே இல்லையே" என்றார் டிரைவர் மெதுவாக.

இல்லைதான். எழுதியிருந்தாள், பிறகு அடித்துவிட்டாள். அப்பாவைக் கோபக்காரராகக் காட்டினால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயந்து, கையில் மிஷினோடு அவரைச் சாதுவாக வீட்டுக்குள் அனுப்பிவைத்திருந்தாள்.

"அது இருந்திருந்தா நான் தூங்கியிருக்கமாட்டேன்" என்றார் டிரைவர். அப்புறம்தான் அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல விடிந்தது. நர்ஸ் சட்டென்று குனிந்து காலி டம்ளருக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். அறிவிப்பாளர் கையிலிருந்த தாள்களை, ஏற்கெனவே நேராக இருந்தவற்றை, மறுபடி தட்டி நேராக்கினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள்.

கடைக்காரர் கனைத்தார். "சரி, திரும்பலாமா?"

நாற்காலிகள் கரகரவென்று திரும்பின. அவள் நாற்காலி மட்டும் திரும்பவில்லை. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எல்லோர் முதுகும் அவளுக்கு முன்னால் வரிசையாக இருந்தது. அதற்கு அப்பால் எழுத்துப் பலகை, மேலே யானை போல ஒரே எழுத்து, கீழே போகப்போக எறும்பு.

"எழுதினவங்க சொல்லணும்னு நினைச்சா சொல்லலாம்."

இன்னும் தப்பிக்கலாம். பேசாமல் இருந்தால் போதும். இவர்கள் அத்தனை பேரும் தெரிந்தும் தெரியாத மாதிரி தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். அடுத்த மாதம் அவள் வந்து யாருடைய கதையையாவது கிழிக்கலாம். கத்தரியாகவே இருந்துவிடலாம், யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை.

ஆனால் அவளுக்கு வேறு ஓர் ஆசை வந்துவிட்டிருந்தது. அந்த மிஷினை அப்பா எறிவதை எழுதவேண்டும். சுவரில் பட்டு அது எங்கே போய் விழுந்தது, அம்மா அதை எடுத்து எந்த டப்பாவில் வைத்தாள் என்று எழுதவேண்டும். கை துறுதுறுத்தது. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கமுடியுமா என்றே தெரியவில்லை. இந்தத் துறுதுறுப்புக்கு நடுவில் பயம் எங்கே போயிற்று என்று தேடினாள். இருந்தது. ஆனால் இவ்வளவு நாளாகப் பூதம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, வெளிச்சத்தில் பார்த்தால் நகத்தளவு அம்பாக இருந்தது.

"நான்தான்" என்றாள். குரல் எழும்பவில்லை.

முதுகுகள் அசையவில்லை. "கொஞ்சம் சத்தமா" என்றார் கடைக்காரர், பலகையைப் பார்த்தபடியே.

"நான்தான் எழுதினேன்." டிரைவரைப் போலவே தன் கையும் மேலே போயிருந்ததை அப்புறம்தான் கவனித்தாள்.

முதலில் சிரித்தது டிரைவர். தோள் குலுங்கியது. அப்புறம் நர்ஸ். அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாதபடி எல்லோரும். நாற்காலிகள் மறுபடி திரும்பின. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது, எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டாள். நெஞ்சுக்குள் பல வருஷமாக ஏறி உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோல அப்படி ஒரு நிம்மதி.

"உங்களை நீங்களே இந்தக் கிழி கிழிச்சிருக்கீங்களே அக்கா" என்றார் டிரைவர். "எனக்குச் சொன்னதைவிட ஒரு பிடி அதிகம். நான் என்னவோ உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அது அவளுக்கு உறைத்தது. "அப்படி நினைச்சுக்கிட்டேயா மாசாமாசம் கொண்டுவந்தீங்க?"

"வேற என்ன பண்றது? எழுதிட்டேனே."

"பயமா இருக்காதா?"

"இருக்கும். படி ஏறும்போது காலெல்லாம் உதறும்." அவர் யோசித்தார். "ஆனா மறுநாள் காலையில வண்டி எடுக்கணும்ல. 'நேத்து உன் கதை தேறுச்சா?'ன்னு கேட்டுட்டு யாரும் என் பஸ்ல ஏறுறதில்ல. டிக்கெட் எடுக்குறாங்க, உக்காருறாங்க. அதைப் பாத்ததும் சரியாயிடும்."

தேநீர் வந்தது. அறிவிப்பாளர் தாள்களை அவளிடம் கொடுக்கும்போது, "நிறுத்தி நிறுத்தி வாசிச்சேன், நல்லா எடுத்துக் கொடுத்திருக்கேனா?" என்று கேட்டார். "வண்டி சரியான நேரத்துக்கு வந்து சேந்துச்சு" என்றாள். டிரைவரிடம் அந்த இரண்டு பக்கத்தைக் காட்டி, சரியாக எந்த வரியில் கண் அசந்தது என்று கேட்டாள். அவர் விரலை வைத்துக் காட்டினார். கைப்பையைத் துழாவினாள். தொழிற்சாலை ஸ்டிக்கர் ஒன்று எப்படியோ உள்ளே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை உரித்து அந்த வரியில் ஒட்டினாள்.

கீழே, மூடியிருந்த கடை வாசலில் கணவர் வண்டியோடு காத்திருந்தார். அவள் போன கோலத்தைக் காலையில் பார்த்தவர், அழைக்காமலே வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை அவர் விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயமில்லை. அவள் படி இறங்கி வருவதையும், கண் சிவந்திருப்பதையும் பார்த்தார். கையில் தாள்கள் முழுசாக இருப்பதையும் பார்த்தார்.

"கூடையா?" என்றார்.

"இல்ல."

"அப்ப பாஸா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல." சிவப்பு அம்பு ஒட்டிய பக்கத்தை அவரிடம் நீட்டினாள். "ரிப்பேர்."

அவர் அதை வாங்கி, வெளிச்சத்துக்காகத் தெருப் பக்கம் திருப்பி, ஒரு ஷூவைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"அப்ப நம்ம டிபார்ட்மெண்ட்டுக்கு வந்துடுச்சு" என்றார். "ஏறு, வீட்டுக்குப் போலாம்."